டெச்சானி சுவரில் விண்கலம் கிடையாது

புலனத்தில் அந்தப் படம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கொசோவோவின் டெச்சானி மடாலயம், 14ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம். நடுவில் சிலுவையில் இயேசு. மேலே இரு மூலைகளிலும் கூரிய முனை கொண்ட கூடுகளுக்குள் ஆளுக்கொருவர். 'அப்பவே விண்கலம் இருந்திருக்கு பாருங்க' என்று கீழே ஒரு வரி. அனுப்புகிறவர்கள் ஒரு நாவலின் படிமத்தை மூன்று மணிநேரம் விவாதிக்கும் நம் இலக்கிய நண்பர்கள். எரிச்சலே அதுதான்.

அவர்கள் சூரியனும் சந்திரனும். இயேசு இறக்கும்போது பகல் இருண்டது என்கிறது விவிலியம். அதனால் சிலுவையின் இருபுறமும் சூரிய சந்திரரை மனித உருவில் வரைவது பைசாந்திய மரபு. வேறு சிலுவைக் காட்சிகள் நாலைந்தைத் தேடிப் பார்த்தாலே தெரிந்துவிடும். தேடத்தான் மனமில்லை.

'பொறியாளரா இருந்துகிட்டு அறிவியல் ஆர்வம் இல்லையா?' என்கிறார்கள். இருப்பதால்தான் சொல்கிறேன். இடைக்காலக் கலையில் நிஜ வானம் பதிவாகியிருக்கிறது. பேயோ நகரின் பெயரால் அறியப்படும், கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளமுள்ள 11ஆம் நூற்றாண்டுப் பூத்தையல் துணியைப் பாருங்கள். 1066 ஏப்ரலில் தெரிந்த ஹாலி வால்மீன் அதில் இருக்கிறது. ஒரு கூட்டம் அண்ணாந்து கை நீட்டுகிறது. அவர்கள் விண்மீனைக் கண்டு வியப்பதாக லத்தீனில் எழுதியும் இருக்கிறது.

அதற்காக அது புகைப்படம் ஆகிவிடாது. இங்கிலாந்து அரசன் ஹரால்ட் முடிசூடியது ஜனவரி 6இல். வால்மீன் வந்தது மூன்றரை மாதம் கழித்து. துணியிலோ இரண்டும் அடுத்தடுத்து. ஹரால்டின் காலுக்குக் கீழே, விளிம்பில், ஆளில்லாத கப்பல்கள் வெறும் கோடுகளாக நிற்கின்றன. அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மன்கள் ஜெயித்து, ஹரால்ட் செத்த பிறகு தைத்த துணி இது. இவன் அரியணை ஏறியதை வானமே ஏற்கவில்லை என்று ஜெயித்தவர் தரப்பு பேசுகிறது. வால்மீன் உண்மை, அதை வைத்த இடம் அரசியல்.

எப்போது வந்தது என்பதை வானியலாளர் கணக்கிடுவார். ஏன் இங்கே வைத்தார்கள் என்று கேட்பது நம் வேலை. விண்கலம் என்று சொல்லும்போது இந்தக் கேள்வியே செத்துவிடுகிறது. வரைந்தவனுக்கு ஒரு மரபும் நோக்கமும் இருந்ததை மறுத்து, அவனை வெறும் சாட்சியாக்கிவிடுகிறோம். கவிஞருக்கு இதைச் செய்தால் சும்மா இருப்போமா?

அடுத்த முறை அந்தப் படம் வந்தால், யார், யாருக்காக வரைந்தது என்று முதலில் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தயவுசெய்து பகிராதீர்கள்.