கடன் வாங்கிய சுவையும் சொந்த அடுப்பும்

உலக நாடுகளின் சுவைகளை வீட்டு அடுப்பிலேயே கலந்து சமைக்கும் ஆர்வம் இன்று பெருநகரங்களைக் கடந்து சிற்றூர்களையும் எட்டியிருக்கிறது. கைப்பேசித் திரையில் இத்தாலியப் பாஸ்தாவும் கொரிய நூடுல்ஸும் மெக்சிகோ நாட்டு டாக்கோவும் நாள்தோறும் வந்து போகின்றன. மளிகைக் கடையின் மேல்தட்டில் சோயா சாஸ் புட்டியும் பாஸ்தாப் பொட்டலமும் இடம் பிடித்துவிட்டன. இதனால் நம் சமையல் மரபு அழிந்துவிடும் என்று சிலர் வருந்துகின்றனர். புதுமையே வளர்ச்சி என்று வேறு சிலர் மகிழ்கின்றனர். கலப்பதா வேண்டாமா என்பதில் விவாதத்துக்கு இடமே இல்லை என்பது என் கருத்து. அந்த முடிவை நம் முன்னோர் எடுத்துப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. எந்த அடித்தளத்தின் மீது கலக்கிறோம், பொருளோடு அதன் செய்முறையையும் சேர்த்து அறிந்துகொள்கிறோமா என்பவையே இன்று நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

இதைப் பேசுவதற்கு ஏற்ற இடம் மார்டள்ளி. மலை மாதேசுவர மலைக்கு அருகில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள இச்சிற்றூரில் தமிழ் பேசும் கத்தோலிக்கர் மிகுதியாக வாழ்கின்றனர். கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகால் வட்டம் 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாநிலத்துடன் இணைந்தது. பின்னர் 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தது. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறினாலும் அடுப்பின் எல்லை மாறவில்லை. தமிழர் களி என்பதைக் கன்னடர் முத்தெ என்பர். இரண்டும் ஒரே கேழ்வரகு மாவில் ஒரே வகைத் துடுப்பால் கிண்டப்படுபவை.

பெயர்களில் பதிந்த பயணம்

இந்த எல்லைப்புறச் சமையலறையில் உள்ள பொருள்களின் பிறப்பிடத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. போர்த்துகீசியர் வருகைக்குப் பின்னரே அது நம் நாட்டுக்கு வந்தது. அதுவரை காரத்துக்கு மிளகையே நம்பியிருந்த தமிழர், புதிதாக வந்த காய்க்கு ‘மிளகு காய்’ என்று பொருள்படப் பெயரிட்டனர். கன்னடரும் மிளகைக் குறிக்கும் ‘மெணசு’ என்னும் தங்கள் சொல்லிலிருந்தே ‘மெணசினகாயி’ என்றனர். அயலிலிருந்து வந்த ஒரு பொருளை, தாம் முன்பே அறிந்த பொருளின் இடத்தில் வைத்துப் புரிந்துகொள்வதே இரு மொழியாரும் கையாண்ட வழி. தென்னமெரிக்காவிலிருந்து வந்த நிலக்கடலை, வந்த வழியை நினைவூட்டும் வகையில் தமிழகத்தின் சில பகுதிகளில் மணிலாக் கொட்டை ஆயிற்று. மெக்சிகோப் பகுதியில் பிறந்த சௌசௌ கன்னடத்தில் சீமைக் கத்தரி என்னும் பொருளில் ‘சீமெ பதனெகாயி’ ஆயிற்று.

இவையெல்லாம் நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்குள் வந்தவை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நம் மண்ணின் தானியம் என்று நாம் பெருமிதம் கொள்ளும் கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் முதன்முதலில் பயிராகி, வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தில் இந்தியாவை அடைந்தது. கன்னடர் துவையலுக்குப் பயன்படுத்தும் ஹுச்செள்ளு, அதாவது பேயெள், எத்தியோப்பியாவைத் தாயகமாகக் கொண்டது. உகாண்டா நாட்டில் இன்றும் கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கிண்டி, ‘கலோ’ என்னும் கட்டியான உணவாக்கி, குழம்பில் தொட்டு உண்கின்றனர். நம் களியோடு அதற்குள்ள ஒற்றுமையை விளக்க வேண்டியதில்லை. அவ்வகையில், களியையும் மிளகாய்ச் சாற்றையும் ஒரே தட்டில் வைத்த அன்றே ஆப்பிரிக்காவும் அமெரிக்காவும் நம் வீட்டில் சந்தித்துவிட்டன.

பக்கத்து வீட்டு உலகம்

அயற்சுவையைத் தேடிக் கடல் கடக்கவும் தேவையில்லை. மார்டள்ளி அமைந்துள்ள அனூர் வட்டத்திலேயே, ஒடெயரபாளையம் அருகில், 1970களில் உருவான தொண்டென்லிங் என்னும் திபெத்தியர் குடியிருப்பு இருக்கிறது. வாற்கோதுமையும் யாக் எருமையும் இல்லாத வெப்ப நிலத்துக்கு வந்து சேர்ந்த அம்மக்கள் இங்கு மக்காச்சோளம் பயிரிட்டு வாழத் தொடங்கினர். அவர்களுடைய மோமோ என்னும் ஆவியில் வேகும் கொழுக்கட்டை இன்று இந்தியா முழுவதற்கும் அறிமுகமான பண்டம்.

இரு மக்களின் உணவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நுட்பமான ஓர் உறவு தெரியும். திபெத்தியர் வறுத்த வாற்கோதுமை மாவை வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து ‘சம்பா’ என்று உண்பர். கன்னட நாட்டில் கேழ்வரகைப் பொரித்து அரைத்து, பாலும் வெல்லமும் சேர்த்து ‘ஹுரிஹிட்டு’ என்று உண்பர். தானியத்தை முன்கூட்டியே வறுத்து மாவாக்கி வைத்துக்கொண்டால், பிறகு அடுப்பு மூட்டாமலே பசியாறலாம் என்னும் அறிவு இரண்டுக்கும் பொது. இத்தகைய உறவைக் கண்டுகொள்வதுதான் கலப்புச் சமையலின் முதற்படி. புட்டி வாங்குவது அதன்பின் வரும் செயல். பல வேளைகளில் அது தேவைப்படாமலே போகும்.

பொருள் வந்தது, முறை வரவில்லை

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மெக்சிகோ மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவிய பின்னரே அரைப்பர். ஐரோப்பியர் அந்தத் தானியத்தைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். சுண்ணாம்பிடும் முறையைக் கொண்டு செல்லவில்லை. முன்பு தினை வகைகளில் செய்துவந்த ‘பொலெண்டா’ என்னும் களியை வட இத்தாலிய உழவர்கள் மக்காச்சோளத்தில் செய்யத் தொடங்கினர். வறுமையால் அதுவே அவர்களின் ஒரே உணவாகவும் ஆயிற்று. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பெல்லாக்ரா என்னும் நோய் அப்பகுதியைச் சூறையாடியது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, இறுதியில் மனநிலையும் பிறழும் கொடிய நோய் அது. நியாசின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவே அதற்குக் காரணம் என்பது 1937ஆம் ஆண்டுக்குப் பின்னரே தெளிவாயிற்று. மக்காச்சோளத்தில் அச்சத்து உடலுக்குக் கிட்டாதவாறு பிணைந்து கிடக்கிறது. சுண்ணாம்பு நீர் அதை விடுவிக்கிறது. மெக்சிகோ நாட்டுப் பெண்கள் இதன் வேதியியலை அறியாமலே, பயனை அறிந்து செய்துவந்தனர்.

பருப்பும் பாலும் கீரையும் சேரும் நம் தட்டில் மக்காச்சோளம் இடம்பெறுவதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் அந்த வரலாறு சொல்லும் பாடம் பொதுவானது. ஒரு மக்களின் உணவுப் பொருளை எடுத்துக்கொள்ளும்போது, அதை ஏன் ஊறவைக்கின்றனர், ஏன் புளிக்கவைக்கின்றனர், எதனோடு சேர்த்து உண்கின்றனர் என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். காணொளியின் ஒரு நிமிடத்தில் அடங்காதது இந்த அறிவே.

இன்றைய நிலையிலும் இது பொருந்தும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ 2 கிராம் உப்பு இருக்கிறது. ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. கிழக்காசிய மரபில் சோயா சாஸ் உப்பின் இடத்தைப் பெருமளவு எடுத்துக்கொள்கிறது. உப்பில்லாச் சோறு அதன் கூர்மையைத் தணிக்கிறது. நாமோ வழக்கமான உப்பையும் போட்டு அதன்மேல் சாஸையும் ஊற்றுகிறோம். பொருள் வந்தது, முறை வரவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அடித்தளம் நமதாகட்டும்

வீட்டுச் செலவைக் கணக்கிடுவோருக்கு மற்றொன்றும் புலப்படும். ஒரு நாள் சமையலுக்காக வாங்கிய நான்கு புட்டிகளில் மூன்று, காலாவதி நாள் கடந்து குப்பைக்குப் போகின்றன. அடித்தளமாக நம் பகுதியில் விளையும் தானியத்தை வைத்துக்கொண்டு, ஒரு வேளைக்கு ஒரே ஓர் அயற்கூறை மட்டும் சேர்த்தால் இந்த வீண்செலவு நேராது. நாவுக்கும் புதுச்சுவையைப் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

சில எடுத்துக்காட்டுகளைக் கூறலாம். கெட்டியாகக் கிண்டிய கேழ்வரகுக் களியை எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, நன்கு ஆறிய பின் துண்டுகளாக்கி, தோசைக்கல்லில் இருபுறமும் மொறுமொறுப்பாகச் சுட்டெடுத்தால், இத்தாலியர் பொலெண்டாவுக்குச் செய்யும் அதே பக்குவம் கிடைக்கும். தொட்டுக்கொள்ளத் தக்காளித் தொக்கு போதும். மேற்கு ஆப்பிரிக்காவில் வறுத்த நிலக்கடலை விழுதையும் தக்காளியையும் சேர்த்துக் கொதிக்கவிடும் குழம்பு பெயர் பெற்றது. அதற்குத் தேவையானவை அனைத்தும் நம் வீட்டிலேயே உள்ளன. சூடான களியோடு அது நன்கு பொருந்தும். மோமோவுக்குத் தனிப் பாத்திரம் வேண்டியதில்லை. இட்லிப் பானையே போதும். முட்டைக்கோசும் வெங்காயமும் பூரணமாக வைத்து அவித்து, உப்சாறு என்னும் மைசூர்ப் பகுதிக் குழம்புக்கு அரைக்கும் மிளகாய், பூண்டு, சீரக விழுதைத் தொட்டு உண்டால் கடைச் சட்னியை நாட மாட்டோம்.

பற்றாக்குறையும் இடப்பெயர்வுமே நல்ல கலப்புகளைத் தந்திருக்கின்றன என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து அரிசி வரத்து நின்றது. அரிசித் தட்டுப்பாட்டில் ரவையைக் கொண்டு இட்லி செய்து பார்த்ததே ரவா இட்லியின் பிறப்பு என்று பெங்களூரு எம்.டி.ஆர். உணவகத்தார் கூறுகின்றனர். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் கொண்டுவந்த அத்தோ, சென்னைப் பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் இன்றும் அந்த நூடுல்ஸ் வாசத்தோடு விற்பனையாகிறது. கையில் இருந்ததையும் மனத்தில் இருந்ததையும் இணைத்தவர்கள் அவர்கள். வியப்பூட்டும் நோக்கம் அவர்களுக்கு இருந்ததில்லை. ஆகவேதான் அவ்வுணவுகள் நிலைத்தன.

மரபைக் காக்க விரும்புவோர், இவ்வாறு கலந்துகொண்டே போனால் களியின் இயல்பான சுவையைப் பிள்ளைகள் மறந்துவிட மாட்டார்களா என்று கேட்கலாம். அக்கவலையில் நியாயம் உண்டு. ஆனால் களியைப் பிள்ளைகளின் தட்டிலிருந்து விலக்குவது கலப்புச் சமையல் அன்று. தானியத்தையே மாற்றிவிட்டு மைதாவைக் கொண்டுவந்து வைப்பதே அதைச் செய்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதே அளவுக்குப் பத்து மில்லிகிராம் அளவே உள்ளது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. விழாக்கள் நடந்தன, ஆண்டும் முடிந்தது. ஒரு தானியம் வயலில் நிலைப்பதும் மறைவதும் அறிவிப்புகளால் முடிவாவதில்லை. வீட்டில் அதைக் கேட்டு வாங்கி உண்போர் இருக்கின்றனரா என்பதே அதை முடிவு செய்கிறது. சுட்ட களித் துண்டை விரும்பி உண்ணும் சிறுவன், நாளை வெறுங்களியையும் கீரைக் குழம்பையும் தேடி வரக்கூடும். கேழ்வரகின் மணத்தையே அறியாமல் வளர்ந்தவன் எதைத் தேடுவான்?

ஆகவே வரும் விடுமுறை நாளில் புதியதொன்றைச் சமைக்க எண்ணும் இல்லத்தார், ஆணாயினும் பெண்ணாயினும், கடைக்குப் புறப்படுமுன் தம் வீட்டு மாவுப் பானையைத் திறந்து பார்ப்பது நன்று. அதிலுள்ள தானியத்தை வேறு எந்த நாட்டார் உண்கின்றனர், எவ்வாறு சமைக்கின்றனர் என்று வினவினால் சமைக்க வேண்டியது எது என்பது தானே விளங்கும். கேழ்வரகில் தொடங்குவோர் உகாண்டாவிலிருந்தே தொடங்கலாம்.