சிவப்புப் பாறையும் சாச்சுரேஷன் ஸ்லைடரும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா உள்ளது. பாலைவனத்தில், மணற்பாறையில் இயற்கையாகவே அமைந்த வளைவுகள் இங்கு 2,000-க்கும் மேல் இருக்கின்றன. உங்களில் பலர் இவற்றை வால்பேப்பராகப் பார்த்திருப்பீர்கள். பல படங்களில் பாறை தக்காளிச் சாறு போலச் சிவந்திருக்கும். அது பாறையின் நிறமல்ல. எடிட்டிங் சாப்ட்வேரில் உள்ள சாச்சுரேஷன் ஸ்லைடரின் வேலை. அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பேன்.

ஏன் அதை இழுக்கிறார்கள்? கேமராவில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் என்று ஒரு வசதி உண்டு. குண்டு பல்ப் வெளிச்சத்தில் எடுக்கும் படத்தில் மஞ்சளைக் குறைப்பது இதுதான். பிரேம் முழுக்கச் செம்பாறை இருந்தால், வெளிச்சமே சிவப்பு என்று எண்ணி நீலத்தைக் கூட்டிவிடும். இரும்பு ஆக்சைடு தந்த நிறம் வெளுத்துப்போகும். ஒயிட் பேலன்சை டேலைட்டுக்கு மாற்றிவிட்டு எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ரா பார்மட் இருந்தால் இன்னும் வசதி. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரிலும் சரிசெய்யலாம். பைல் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

ஸ்லைடர் அப்படியல்ல. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஜேபெக் படத்தில் சிவப்புக்கு 0 முதல் 255 வரைதான் இடம். இழுக்க இழுக்க, வெவ்வேறு அளவில் சிவந்திருந்த புள்ளிகள் எல்லாம் 255-இல் முட்டி நிற்கும். பாறையின் வரிகளும் விரிசல்களும் மறைந்துவிடும். அதே பைலில் சேவ் செய்து மூடிவிட்டால் அவை திரும்ப வராது.

விரிசல் போனால் என்ன என்று கேட்கலாம். இந்த வளைவுகள் உருவானதே விரிசலால்தான். மழைநீர் அதில் இறங்கி, குளிரில் உறைந்து, விரிவடைந்து பாறையைப் பெயர்க்கிறது. வளைவை ஒருநாள் வீழ்த்துவதும் அதுவே. 1991-இல் லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சிலிருந்து ஒரு பெரிய பாளம் பெயர்ந்து விழுந்தது. 71 அடி அகல வால் ஆர்ச் 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் இடிந்தே போனது. அதை இனி யாரும் படம் எடுக்க முடியாது. முன்பு போனவர்களின் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதுதான் மிச்சம். அதில் தெரிவது விரிசலா, வெறும் சிவப்பா?

கலர் கூட்டித்தான் தீரவேண்டும் என்பவர்கள் முதலில் 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டெல்லாம் அதில் இருக்கட்டும். ஒரிஜினலைத் தனி போல்டரில் போட்டு, எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் ஒரு காப்பி வைத்துவிடுங்கள்.