பாவத்தை விட்டாச்சு... துணியை யார் எடுப்பது?

இளையரசனேந்தல்,

அமாவாசை வந்தால் போதும். இளையரசனேந்தல் சுற்று வட்டாரத்தில் வேன் பேசி, புளியோதரை கட்டிக்கொண்டு பாபநாசத்துக்கு கிளம்பி விடுகிறார்கள். தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு கிடைத்த பெண்கள், கைக்குழந்தை, தாத்தா, பாட்டி என்று வேன் நிரம்பி வழியும்.

காரணம் இல்லாமல் இல்லை. இது கரிசல் பூமி. மழையை நம்பித்தான் பருத்தியும், உளுந்தும், மக்காச்சோளமும். ஓடுற தண்ணியில ஒரு முங்கு முங்கணும்னா தாமிரபரணிக்குத்தான் போகணும்.

கோயிலும் அணையும்

போகிற வழியிலேயே பழைய ஊர்கள் வரிசையாக வரும். சேரன்மகாதேவி, அப்பளத்துக்கு பேர் போன கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். எல்லாம் ஆற்றை ஒட்டி வளர்ந்த ஊர்கள். கடைசியில் பொதிகை மலை அடிவாரத்தில் பாபநாசநாதர் கோயில். நவகைலாயங்களில் இதுதான் முதலாவது.

மேலே மலைக்குள் 143 அடி உயரம் கொண்ட பாபநாசம் அணை, கடல் மாதிரி தண்ணீர். காரையாறு என்றால்தான் நம்ம ஆட்களுக்கு தெரியும். அங்கே படகேறி பாணதீர்த்தம் அருவிக்கு போன கதையை பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1988-ல் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆன காடு இது. வனத்துறை செக்போஸ்டில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையை திறந்து பார்த்துத்தான் மேலே விடுவார்கள்.

சிக்கல் படித்துறையில்

செக்போஸ்டுக்கு கீழே, கோயில் முன்பு உள்ள படித்துறையில்தான் பிரச்சினை. குளித்து முடித்ததும், உடுத்தியிருந்த சேலை, வேட்டியை ஆற்றிலேயே விட்டு விடுகிறார்கள். தோஷம் கழியுமாம்.

இப்போது வருவது நைலக்சும், பாலியஸ்டரும். அது மக்காது. பாறையில் சிக்கி, மண் சேர்ந்து அப்படியே கிடக்கும். தண்ணீருக்குள் கிடக்கும் சேலை காலை சுற்றினால், நீச்சல் தெரிந்தவனுக்கும் ஆபத்துதான். தன்னார்வ இளைஞர்களும் துப்புரவு தொழிலாளர்களும் பல முறை இறங்கி அள்ளி இருக்கிறார்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் அதே கதி.

சுற்றி வந்து நம்ம குடத்துக்கே...

இந்த ஆறு சுமார் 86 ஆயிரம் ஏக்கர் வயலுக்கு பாய்கிறது. அதோடு முடியவில்லை. நெல்லையை தாண்டி சீவலப்பேரியில் இருந்து குழாய் வழியாக கோவில்பட்டிக்கு குடிநீராக வருகிறது.

இளையரசனேந்தலில் இருந்து கோவில்பட்டிக்கு வேலைக்கும், படிப்புக்கும் போகிறவர்கள் குடிப்பது அந்த தண்ணீரைத்தான். ஞாயிற்றுக்கிழமை சோப்பு போட்டு, துணியை விட்டுட்டு வந்த ஆறு, மறுவாரம் நம்ம டம்ளரில் நிற்கிறது. சுத்திகரித்துத்தான் தருகிறார்கள் என்றாலும், அழுக்கு கூடக்கூட அந்த வேலையும் செலவும் கூடும்.

வழி என்ன?

சனங்களை மட்டும் குறை சொல்லி பயன் இல்லை. பெண்கள் மறைவாக உடை மாற்ற போதுமான அறை வேண்டும். துணி போட படித்துறையிலேயே பெரிய தொட்டி வேண்டும். அதை அன்றன்றைக்கு அள்ளவும் வேண்டும். கூட்டம் சேரும் அமாவாசையில் கூடுதல் ஆள் போட வேண்டும்.

நம்ம பக்கம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. குளிப்பது வேண்டுதல், துணியை எறிவது பழக்கம். இரண்டும் ஒன்றல்ல. ஈரத்துணியை பிழிந்து ஒரு பையில் போட்டு வேனில் கொண்டு வர காசு செலவாகாது.

முங்கி எழுந்தால் பாவம் போகும் என்று நம்பித்தானே அத்தனை தூரம் போகிறோம். குடிக்கிற தண்ணியை கெடுத்த பாவத்தை எந்த ஆத்துல போய் கழுவுறது?