தாத்தா பிறந்தது மியான்மரிலா?

1935-ல் ரங்கூனில் பிறந்த தாத்தாவுக்கு, ஃபேமிலி ட்ரீயில் 'மியான்மர்' என்று போடுவது ஈஸி. ஆனா, அது சரியில்லை. பர்மா அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். தனியாகப் பிரிந்தது 1937 ஏப்ரல் 1-ல். ஆங்கிலத்தில் 'மியான்மர்' ஆனது 1989-ல்தான்.

பேருதானே, மாத்தினா என்ன? மாற்றினால், அன்றைய இந்தியாவுக்குள்ளேயே பிறந்தவர் வெளிநாட்டில் பிறந்தவராகிவிடுவார். 1937-ல் எல்லை அவரைத் தாண்டிப்போன கதையே காணாமல் போகும். பழைய ஆவணங்களைத் தேடும் பேரப்பிள்ளைகளும் வழி தவறுவார்கள்.

1968-ல் மதுரையில் பிறந்தவருக்கும் இதே கணக்குதான்: அப்போது அது மெட்ராஸ் மாநிலம்.

எனவே, அன்றைய பெயர் முதலில், இன்றைய பெயர் பக்கத்தில்: 'ரங்கூன், பர்மா மாகாணம், பிரிட்டிஷ் இந்தியா, இன்று யாங்கோன், மியான்மர்'. ஒரு வரி கூடுதலா டைப் பண்ணினா போதும்.