அமைதியான கடற்கரை என்றால் ஆளில்லாத கடற்கரையா?

2023 யூன் 16ஆம் திகதி 'எம்பிரஸ்' என்னும் இந்திய உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் சேவை ஆரம்பமானது. கரீபியன் கடலில் பல ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வரும் ஒரு கேள்வி இப்போது எமது கடலுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் சில மணி நேரத்துக்குள், கூட்டமில்லாமல் கடலடியைப் பார்த்து நீந்தக்கூடிய ஒரு கரையை எப்படித் தெரிவு செய்வது?

முகக்கண்ணாடி அணிந்து, வாயில் ஒரு மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு, நீரின் மேல் மிதந்தபடி கீழே உள்ள மீன்களையும் முருகைக்கற்களையும் பார்ப்பதை ஸ்நோர்க்கலிங் என்கிறார்கள். ஆழத்துக்கு இறங்கத் தேவையில்லை. தெளிந்த, அலை குறைந்த, ஆழமில்லாத கடலே இதற்குப் போதும். வடக்கில் அப்படி ஓர் இடம் சொல்லுங்கள் என்று கேட்டால் பலரும் உடனே நெடுந்தீவு என்பார்கள். "அங்கே ஆளே இருக்காது" என்பதுதான் அவர்கள் சொல்லும் முதற் காரணம். எனது கருத்து வேறுபடுவது இந்த இடத்தில்தான். அமைதி வேறு, ஆளில்லாமை வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கடற்கரையைத் தெரிவு செய்தால், அது தீவுக்கும் நல்லதல்ல, போகின்றவருக்கும் நல்லதல்ல. முக்கியமாக, எம்மைப் போன்ற பெண்பிள்ளைகளுக்கு நல்லதல்ல.

முதலில் தீவைப் பார்ப்போம். நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. அதன் நிலமே முருகைக்கல். வளவுகளின் வேலிகள் முருகைக்கல்லை அடுக்கி எழுப்பப்பட்டவை. ஒல்லாந்தர் காலக் கோட்டையின் இடிந்த சுவர்களும் அதே கல்தான். பெருக்கு மரத்தையும் குதிரைகளையும் பார்க்க வருவோர் இந்த வேலிகளைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த வேலிகளுக்குப் பின்னால் பல வளவுகளில் இன்று வீடு இல்லை என்பதைச் சிலரே கவனிக்கிறார்கள். யுத்த காலத்தில் புறப்பட்டுப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. இப்போது அங்கு வாழ்வோர் ஐயாயிரம் பேருக்கும் குறைவு. பயணி விரும்புகின்ற அமைதியில் ஒரு பகுதி, மக்கள் இழந்த வாழ்க்கையின் மௌனம்.

கடலும் அவர்களுக்கு வெறும் காட்சி அல்ல. குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். நோயாளி, ஆசிரியர், பரீட்சைக்குப் போகும் பிள்ளை, அரிசி மூடை எல்லாம் அந்த வழியேதான் போய் வரவேண்டும். 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் பயணம் செய்த அப்பாவி மக்கள் நடுக்கடலில் கொல்லப்பட்டார்கள். அந்த நாளைத் தீவு மக்கள் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூருகிறார்கள். விடுமுறை நாளில் நாம் படகில் பிடித்துக்கொள்ளும் ஓர் இருக்கை யாருடைய இருக்கை என்று யோசிக்கவேண்டும்.

இனி, நேரத்தைக் கணக்கிடுவோம். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாண நகரைக் கடந்து, பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகு கடலில் ஒரு மணி நேரம். போய் வருவதற்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். படகு தாமதித்தால் கப்பல் காத்திருக்காது. கரீபியன் துறைமுகங்களிலும் தூரத்துக் கரைக்குப் போகும் கப்பல் பயணிகளுக்கு இதே கவலைதான். ஆகவே அரை நாள் மட்டும் உள்ளவர் நெடுந்தீவைத் தெரிவு செய்யாமல் இருப்பதே நல்லது. அவருக்குப் பாதை வழியாகவே போகக்கூடிய காரைநகர் கசூரினா கடற்கரையோ வேலணையின் சாட்டிக் கடற்கரையோ போதும். நெடுந்தீவு ஓர் இரவாவது தங்கி, அங்குள்ளவரின் சமையலைக் காசு கொடுத்து உண்டு, அவர்களுடைய வாகனத்தில் பயணிக்க நேரம் உள்ளவருக்கு உரியது.

எண்ணிக்கையும் முக்கியம். 2024இல் பயணத்தைத் தொடங்கிய 'ஐகன் ஒஃப் த சீஸ்' என்ற கரீபியன் உல்லாசக் கப்பல் ஒரே தடவையில் 7,600 பயணிகள் வரை ஏற்றக்கூடியது. நெடுந்தீவின் முழு மக்களையும் விட அது அதிகம்! அவ்வளவு பெரிய கப்பல் எமக்கு வராது என்று சொல்லலாம். ஆனால் நல்ல குடிநீர்க் கிணறுகள் சில இடங்களில் மட்டுமே உள்ள ஒரு தீவுக்கு நூறு பேர் சேர்ந்து வந்தாலும் அது பெருங்கூட்டம்தான்.

எமது நாட்டிலேயே பாடம் இருக்கிறது. ஹிக்கடுவைக் கடல் 1979இலேயே பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் கண்ணாடி அடித்தளப் படகுகளும் கற்களில் ஏறி நின்ற கால்களும் முருகைகளைச் சிதைத்தன. 1998இல் கடல் வெப்பமடைந்தபோது எஞ்சியவற்றிலும் பெரும்பகுதி வெளிறி இறந்தது. திருகோணமலையின் புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவானது. அங்கும் முருகையை மிதிக்கும் பயணிகள் பற்றிய முறைப்பாடு ஓயவில்லை. திரண்ட வடிவில் வளரும் முருகை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளர்கிறது. ஒரு கால் மிதியில் உடைவது எமது வயதளவு வளர்ச்சியாக இருக்கலாம்.

கரீபியனில் உள்ள பொனேர் என்ற சிறு தீவு வேறு வழியில் சென்றது. 1979இல் தன்னைச் சுற்றியுள்ள கடலைக் கடற்பூங்காவாக்கி, கடலில் இறங்குவோரிடம் கட்டணம் பெற்று, அந்தப் பணத்தில் பூங்காவைப் பராமரிக்கிறது. அமெரிக்க வேர்ஜின் தீவுகள் முருகைக்குத் தீங்கான இரசாயனங்கள் கொண்ட வெயில் பூச்சுகளை 2020இல் தடை செய்தன.

இனி எமது விடயத்துக்கு வருகிறேன். குடும்பமாகக் கடற்கரைக்குப் போனால் தம்பிமார் நீரில் பாய்வார்கள். உம்மாவும் நாமும் மணலில் இருந்து செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவல் இருப்போம். இது பல வீடுகளின் கதை. எனவே அமைதியான கடற்கரை எங்களுக்கு ஆடம்பரம் அல்ல. வெட்கத்தைப் பேணிக்கொண்டு கடலில் இறங்குவதற்கு அதுதான் முதல் நிபந்தனை. நீந்தக் கூடாது என்று எங்கள் மார்க்கம் எங்களுக்குச் சொல்லவில்லை. கண்ணியமாக இருக்கச் சொல்கிறது. கண்ணியமும் கடலும் ஒன்றாக அமையும் இடம் எங்கே என்பதுதான் கேள்வி.

ஆளில்லாத கரையே அந்த இடம் என்று எண்ணுவது ஆபத்து. முகம் நீருக்குள் இருக்கும்போது கரை எவ்வளவு தூரம் போய்விட்டது என்பது தெரியாது. கால் பிடித்து இழுத்தால், சொறிமுட்டை தீண்டினால், குரல் கேட்க ஒருவர் வேண்டும். பார்ப்பதற்கு யாருமே இல்லாத கரையில் உதவுவதற்கும் யாரும் இல்லை. மீனவக் குடும்பங்கள் வாழும் கரையே உண்மையில் பாதுகாப்பானது. வாடைக் காற்றில் எந்தப் பக்கம் கொந்தளிக்கும், எந்த நாளில் நீர் கலங்கும், எங்கே வலை விரித்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்காமல் இறங்கும் கடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அமைதியான கடல் அல்ல.

பெற்றோர்களே, நீச்சலைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தோனேசியாவின் அச்சேயில் நான்கு கிராமங்களில் உயிர் தப்பிய 676 பேரில் பெண்கள் 189 பேர் மட்டுமே. பிள்ளைகளைக் காப்பாற்ற நின்றது, கரையோர வீடுகளில் இருந்தது எனக் காரணங்கள் பல. ஆண்களுக்குப் பழக்கமான நீச்சல் பெண்களுக்குப் பழக்கமில்லை என்பதும் அவற்றில் ஒன்று. மருதமுனையும் சாய்ந்தமருதும் அந்த அலையில் எவ்வளவு இழந்தன என்பதை நாம் மறக்கவில்லை.

உடை ஒரு தடை என்று சிலர் சொல்வார்கள். உடல் முழுவதையும் மூடும் நீச்சலுடையை அவுஸ்திரேலியாவில் வாழும் அஹெடா சனெற்றி என்ற முஸ்லிம் பெண் 2004இல் வடிவமைத்தார். 2016இல் பிரான்சின் பல கடற்கரை நகரங்கள் அதைத் தடை செய்தன. அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஆகஸ்ட் 26ஆம் திகதி ஒரு நகரின் தடையை இடைநிறுத்தியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெயில் பூச்சுக்குப் பதிலாக நீண்ட கைச்சட்டையும் முழு உடையும் அணியுங்கள் என்றுதான் முருகையைக் காக்க விரும்புவோர் இன்று பயணிகளுக்குச் சொல்கிறார்கள். எங்களுடைய உடை கடலுக்கும் ஏற்ற உடையாகவே இருக்கிறது.

ஆகவே நான் கேட்பவை சில. கசூரினா போன்ற ஒரு கரையில் வாரத்தில் ஒரு காலை நேரமாவது பெண்களுக்கென ஒதுக்கப்பட்டு, பெண் உயிர்காப்பாளர்கள் நியமிக்கப்பட வேண்டும். எமது பாடசாலைகளில் பெண் பயிற்றுநர்களைக் கொண்டு நீச்சல் கற்பிக்க வேண்டும். நெடுந்தீவுப் படகில் தீவு மக்களுக்கே முதலிடம் இருக்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை பயணிகள், எந்தக் கரை, என்ன கட்டணம் என்பதைத் தீவு மக்களும் மீனவர் சங்கங்களும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். முருகைக்கு மேல் நங்கூரம் போடாமல் படகைக் கட்டுவதற்கு மிதவைகள் வேண்டும்.

உல்லாசக் கப்பல்கள் இனியும் வரும். வருகிறவர்கள் அமைதியான கரையைத் தேடுவதில் தவறில்லை, நாமும் அதைத்தான் தேடுகிறோம். அந்தக் கரையில் வாழ்கிறவர்களை அழைத்து, கேட்டு, அவர்களுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு இறங்குவோம். அப்போது செருப்புக்குக் காவல் இருக்க ஓர் ஆண்பிள்ளையையும் நிறுத்திவிட்டு, உம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து கடலடியைப் பார்க்கலாம்.