வலிமைக்கு அழகு

யப்பானியர் தம் சுமோ மல்லருள் தலைசிறந்தவருக்கு ‘யோகோசுனா’ என்னும் பட்டம் அளிப்பர். வெற்றிகளை எண்ணிப் பார்ப்பதோடு அவர்கள் அமைவதில்லை. பட்டத்துக்குரியவரிடம் நற்பண்பும் உண்டா என்று ஆராய்வர். இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு நம் அயல்நாடாகிய இந்தியாவிற் பிறந்த மல்லர் ஒருவரை அளந்து பார்ப்போம்.

காமா என்று உலகறிந்த குலாம் முகம்மது, 1878-ஆம் ஆண்டில் பஞ்சாபில் மல்லர் குடும்பமொன்றிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவரை உறவினரே வளர்த்து மற்பயிற்சி அளித்தனர். பத்து வயதில், சோத்பூர் அரசர் நடத்திய குந்தியெழும் போட்டியில் நூற்றுக்கணக்கான மல்லரோடு சேர்ந்து நின்று பரிசு பெற்றார் என்பர்.

1910-இல் இலண்டன் சென்றபோது, உயரம் போதாதென்று கூறி அவரைப் போட்டியிற் சேர்க்க மறுத்தனர். காமா வாதாடவில்லை. “எந்நிறையினராயினும் மூவரை முப்பது நிமிடத்துள் வீழ்த்துவேன்” என அறைகூவினார். அமெரிக்க மல்லர் ரோலரை ஒரே நாளில் இருமுறை வீழ்த்தியதும் ஏளனம் அடங்கியது.

அடுத்து வந்தவர் போலந்து நாட்டு சிபிஸ்கோ. செப்தெம்பர் 10-ஆம் நாள் நடந்த அப்போரில், அவர் தரையோடு ஒட்டிக் கிடந்தே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தம்மைக் காத்துக்கொண்டார். முடிவு காணாத போட்டியை 17-ஆம் நாளுக்கு ஒத்திவைத்தனர். அன்று சிபிஸ்கோ வரவில்லை. வெற்றி காமாவுக்கே உரியதாயிற்று. ஆயினும், நேர்நின்று பெறாத வெற்றி மல்லனுக்கு நிறைவு தருமா? பதினேழு ஆண்டுகள் கழிந்தபின், 1928 சனவரியில், பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் எதிர்ப்பட்டனர். ஐம்பதை நெருங்கிய காமா ஒரு நிமிடத்துள் அவரை வீழ்த்தினார். அத்தனை ஆண்டுகளும் பயிற்சியைக் கைவிடாதவருக்கே அந்த ஒரு நிமிடம் வாய்த்தது.

எனினும், அவரை நாம் நினைவிற்கொள்ளவேண்டியது இவ்வெற்றிகளுக்காக மட்டுமன்று. 1947-இல் நாடு பிளவுண்டபோது காமா லாகூரில் வாழ்ந்தார். தம் தெருவிலிருந்த இந்துக் குடும்பங்களைத் தாக்க வந்த கூட்டத்தின்முன், முதுமையெய்திய அம்முஸ்லிம் மல்லர் தம் சீடரோடு வழிமறித்து நின்றார் என்றும், பின்னர் அக்குடும்பங்களுக்கு உணவளித்து எல்லைவரை பாதுகாப்பாக அனுப்பிவைத்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1960-ஆம் ஆண்டு மே மாதம் லாகூரிலேயே அவர் மறைந்தார்.

1958-ஐயும் 1983-ஐயும் கண்ட கொழும்பு நகரத்தார்க்கு இச்செய்தியின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அந்நாள்களில் தம் வீட்டுக் கதவைத் திறந்து தமிழ்க் குடும்பங்களை மறைத்துவைத்த சிங்கள அயலவர் பலர் மற்களம் கண்டவரல்லர், தண்டால் எடுத்தவருமல்லர். எனினும், லாகூர்த் தெருவில் காமா நின்ற இடத்திலேயே அவர்களும் நின்றனர்.

மாணவர்களே! உடலைப் பேணுங்கள், நாள்தோறும் பயிலுங்கள். அவ்வலிமை யாருடைய வாயிலிற் காவல் நிற்கப்போகிறது என்பதையும் இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள்.