நீங்கள் தராத பயணப்படியை நாங்கள் தருகிறோம்

தமிழ்நாடு அரசின் நிதித்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் ஊழியர்களின் பயணப்படியில் ஒரு பங்கை வேதாரண்யம் வட்டத்து மக்கள் பல காலமாகக் கைக்காசிலிருந்து கொடுத்து வருகிறோம். அதற்கு ரசீது கிடையாது, கணக்குத் தலைப்பு கிடையாது, பட்ஜெட் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. அந்தச் செலவை இனி அரசே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் அரசு ஊழியன் அல்ல. எந்த ஊழியர் சங்கத்துக்கும் சந்தா கட்டியவனும் அல்ல. கொஞ்சம் தென்னை, கொஞ்சம் முல்லைக் கொல்லை, ஒரு துண்டு சம்பா வயல், அவ்வளவுதான் என் சொத்து. அரசு ஊழியருக்காக ஒரு விவசாயி பரிந்து பேசுவது இந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. டீக்கடையில் வாயைத் திறந்தால், "அவனுக்கென்னய்யா குறைச்சல், மாசம் பொறந்தா சம்பளம், வருசத்துக்கு ரெண்டு தரம் டி.ஏ." என்று அடக்கிவிடுவார்கள். ஆனால் பணம் என் பையிலிருந்து போகிறது. அதனால் நான் பேசத்தான் வேண்டும்.

எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். அண்ணன் தம்பி பாகம் பிரித்த நிலத்தை உட்பிரிவு செய்து பட்டா வாங்க மனுப் போட்டிருந்தோம். அளப்பவர் வருவதற்கு முதல் நாள் போன் செய்தார். நல்ல மனிதர், குரலிலேயே தயக்கம். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துடுவேன். அங்கேருந்து யாராச்சும் வண்டியில வந்து கூட்டிட்டுப் போக முடியுமா?" என்றார். போனேன். தோளில் பை, கையில் சுருட்டிய வரைபடம். வண்டியின் பின்னால் உட்கார்ந்து வரப்பு வரைக்கும் வந்தார், வெயிலில் கல் தேடினார், கருவைப் புதரில் முள் கிழிக்க அளந்தார். மதியம் சாப்பாடு என் கணக்கு. திரும்ப பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிட்டதும் என் கணக்கு. நான் பெட்ரோல் டேங்கைத் திறந்து பார்த்ததைக் கண்டு, "உங்களுக்குத்தான் சிரமம்" என்றார். அவர் ஒரு ரூபாய் கேட்கவில்லை. இதை லஞ்சம் என்று நான் எழுதினால் பாவம் வரும். ஆனால் அடுத்த வரப்புக்காரர் கார் அனுப்பியிருந்தால் அளவு எந்தப் பக்கம் சாயும் என்ற கேள்வி என் மனசில் அன்று வந்ததா, இல்லையா? வந்தது. என் பைக்கில் ஏறி வந்த ஒருவரை எதிராளி எப்படி நம்புவார் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

அவருக்குப் பயணப்படி உண்டு, ஏட்டில். அது எப்படிப்பட்ட ஏடு என்று எனக்கு விளக்கியவர் என் அண்ணி. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதாமாதம் பயண நாட்குறிப்பு எழுதுவார். எங்கிருந்து, எங்கே, புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், கிலோமீட்டர், பயணத்தின் நோக்கம் என்று கட்டம் கட்டிய தாள். நோக்கம் என்ற கட்டத்தில் "தடுப்பூசி" என்று எழுதுவார். அன்றைக்கு வழியில் ஒரு பிரசவ வலிக்காரியைப் பார்த்து, ஆட்டோ பிடித்து ஏற்றி அனுப்பி, அந்த ஆட்டோவுக்குத் தன் கையிலிருந்து கொடுத்திருப்பார். அதற்குக் கட்டம் இல்லை. அவருக்கு மாதம் இவ்வளவு என்று நிலையான பயணப்படி. எத்தனை நடை நடந்தாலும் தன் எல்லைக்குள் என்றால் அதோடு சரி. துணை சுகாதார நிலையத்தின் எல்லையை வகுத்தவர்கள் ஜனத்தொகையைப் பார்த்து வகுத்தார்கள். உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு போகும் சாலையை அவர்கள் பார்க்கவில்லை.

இனி, நிலையான படி இல்லாதவர்களின் கதை. தலைமையிடத்திலிருந்து 8 கிலோமீட்டர் ஆரத்துக்கு வெளியே போனால்தான் தினப்படி. வெள்ளைக்காரன் காலத்தின் ஐந்து மைல்தான் கிலோமீட்டராக உருமாறி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஐயா, ஒரு காம்பஸை எடுத்து வேதாரண்யத்தை மையமாக வைத்து 8 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். வட்டத்தில் கணிசமான பங்கு கடலில் விழும். மிச்சத்தில் தெற்கும் தென்மேற்கும் உப்பளம், சதுப்பு. ஜனங்கள் குடியிருப்பது எஞ்சிய துண்டில். தோப்புத்துறையும் அகஸ்தியம்பள்ளியும் வட்டத்துக்குள். கோடியக்கரை வெளியே. நடுவில் கோடியக்காடு உள்ளேயா வெளியேயா என்று ஸ்கேல் வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சென்னையில் 8 கிலோமீட்டர் என்றால் நினைத்த நேரத்தில் பஸ், மெட்ரோ, ஷேர் ஆட்டோ. இங்கே 8 கிலோமீட்டர் என்றால் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு வேப்பமரத்து நிழல்.

பெண் ஊழியர்களுக்கு என்ன, 2021-லிருந்து நகரப் பேருந்தில் கட்டணமே இல்லையே என்று யாராவது கோப்பில் எழுதக்கூடும். உண்மைதான், நல்ல திட்டம்தான். டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம். பஸ் வரும் நேரம்தான் பிரச்சினை. காலை ஆறு மணிக்கு வெள்ளப்பள்ளத்தில் இருக்க வேண்டியவர் எந்தக் கட்டணமில்லாப் பேருந்தில் போவார்?

மாவட்டத் தலைமையிடமான நாகப்பட்டினம் சுமார் 50 கிலோமீட்டர். ஒரு மணி நேர ஆய்வுக் கூட்டத்துக்கு ஒரு பகல் போய்விடும். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் அகல ரயில்பாதை 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கியதில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் அது மேற்கே போகிறது, நாகை வடக்கே இருக்கிறது. "ரயில் இருக்கும்போது ஏன் பஸ்?" என்று ஒரு தணிக்கைத் தடை வராமல் இருந்தால் சரி.

இதற்கெல்லாம் மேலே நிற்கும் விதி ஒன்று உண்டு, உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அடிப்படை விதி 44. ஈட்டுப்படி எதுவும் அதைப் பெறுபவருக்கு மொத்தத்தில் ஆதாயம் தருவதாக இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். அடிப்படை விதிகள் 1922 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தவை. நூறு வருஷம் தாண்டிவிட்டது. ஊழியர் லாபம் பார்த்துவிடக் கூடாது என்பதில் அத்தனை கவனம். நட்டப்படக் கூடாது என்று பக்கத்திலேயே இன்னொரு வரி எழுத யாருக்கும் கை வரவில்லை. என் கோரிக்கைகளில் முதலாவது அந்த ஒரு வரிதான். பயணப்படி நட்டம் தருவதாகவும் இருக்கக் கூடாது என்று நம் மாநிலப் பயணப்படி விதிகளில் சேருங்கள். மற்றதெல்லாம் அந்த வரியிலிருந்து தானாக வரும்.

ஊழியர் மேல் அரசுக்குள்ள இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நாற்காலியை விட்டு எழாமல் நாட்குறிப்பில் வட்டம் முழுக்கச் சுற்றி வந்தவர்களை நாங்களும் பார்த்திருக்கிறோம். வராத அதிகாரி வந்து போனதாக எழுதிய தேதியில் எங்கள் தெருவில் மாடு மட்டும்தான் வந்தது. ஆனால் அந்தப் பொய்ப் பட்டியல் போடுகிறவர் கைதேர்ந்தவர். அவர் தாளில் நேரமும் கிலோமீட்டரும் கனகச்சிதமாக இருக்கும், ஒரு தடையும் வராது. மாட்டுகிறவர் நிஜமாகவே போனவர். பஸ் டிக்கெட் மழையில் நனைந்து எழுத்து அழிந்திருக்கும், லாட்ஜ்காரர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருப்பார், மேலொப்பம் போட வேண்டியவர் மாறுதலில் போயிருப்பார். அவர் பட்டியல்தான் திரும்பி வரும். இரண்டு தரம் திரும்பி வந்தால் மூன்றாம் தரம் யாரும் போடுவதில்லை. அப்புறம் "வண்டி ஏதும் இருக்கா?" என்ற போன்தான்.

எல்லாம் சரியாக இருந்தாலும் "பட்ஜெட் இல்லை" என்ற இரண்டு சொல் இருக்கிறது. வருஷத் தொடக்கத்தில் ஒதுக்கீடு வரவில்லை, நடுவில் தீர்ந்துவிட்டது, மார்ச் கடைசியில் அவசரமாக வந்தது. சிக்கனம் என்ற பேச்சு எழுந்தால் கத்தி முதலில் விழும் தலைப்புகளில் பயணச் செலவும் ஒன்று. கொரோனா வந்த 2020-லும் அதுதான் நடந்தது. சம்பளத்தை வெட்டினால் ஊர்வலம் வரும். பயணச் செலவை வெட்டினால் சத்தமே வராது, செலவு எங்கள் பக்கம் தள்ளிவிடப்படும், அவ்வளவுதான்.

கஜா புயல் நினைவிருக்கும். 2018 நவம்பர் 15 இரவு தொடங்கி மறுநாள் அதிகாலைக்குள் எங்கள் கரையைக் கிழித்துக்கொண்டு போனது. தென்னை சாய்ந்த கணக்கெடுக்க, கம்பம் நட, குடிநீர் கொண்டுவர என்று வெளி மாவட்டங்களிலிருந்து ஊழியர்கள் வந்து குவிந்தார்கள். பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் படுத்தார்கள். மின்சாரம் இல்லை, ஏ.டி.எம். இல்லை, ஓட்டல் இல்லை. விழுந்த தென்னைக்கு நடுவில் உட்கார்ந்து எங்கள் வீட்டுப் பெண்கள் பொங்கிப் போட்டார்கள். அது எங்களுக்குப் பெருமை. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து உப்புக் காய்ச்ச நடந்து வந்தபோது, தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். அப்போதும் வழி நெடுக சோறு கிடைத்தது. டெல்டா ஜனங்களின் கை அப்படி. ஆனால் அரசாங்கம் அந்தக் கையை நம்பி பட்ஜெட் போடலாமா? கணக்கெடுக்க வந்தவர் யார் வீட்டில் சாப்பிட்டாரோ அவர் வீட்டு மரம் கூடுதலாக விழுந்ததாகக் கணக்கில் ஏறியது என்று அன்றைக்கு ஊரில் பேச்சு இருந்தது. உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. அப்படியொரு பேச்சுக்கு இடம் வைத்தது யார் என்பது மட்டும் தெரியும்.

அண்ணியின் பழைய தாள்களைப் பார்த்தபோது எனக்குத் தோன்றிய இன்னொன்று. இப்போது களத்துக்குப் போகிறவர் போனார் என்பதற்குச் சாட்சி ஏற்கெனவே அரசின் கையில் இருக்கிறது. நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் நாளைக்கு இரண்டு படம், இடக்குறியோடு செயலியில் ஏற்ற வேண்டும். டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பில் அந்தந்த வயலில் நின்று படம் எடுக்க வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் எல்லாம் அரசுக்கு வந்து சேருகிறது. வேலை நடந்ததா என்று சரிபார்க்க அந்தப் படம் போதும். அதே மனிதர் அதே இடத்துக்குப் போன பஸ் செலவைக் கேட்டால் கையால் எழுதிய நாட்குறிப்பு வேண்டும், டிக்கெட் ஒட்ட வேண்டும், மூன்று கையெழுத்து வேண்டும். சம்பளமும் விடுப்பும் அரசின் ‘களஞ்சியம்’ இணையத்தளத்தில் ஏறிவிட்ட காலத்தில், செயலிப் படத்தையும் பயணப்பட்டியலையும் இணைக்க உங்கள் துறையால் முடியாதா? இணைத்தால் பொய்ப் பட்டியல்காரரும் அன்றைக்கே மாட்டுவார். அந்த லாபம் உங்களுக்கு.

அதற்குள் செய்யக்கூடியவையும் உண்டு. ஒன்றிய அரசு 2017 ஜூலையில் திருத்திய பயணப்படி ஆணையின்படி, ஊதிய அட்டவணையின் 8-ஆம் நிலை வரை உள்ளவர்கள் தங்கும் செலவை உச்சவரம்புக்குள் ரசீது இல்லாமல், தாமே சான்றளித்துப் பெறலாம். சாப்பாட்டுக்கு மொத்தமாக ஒரு தொகை. வெளியே இருந்தது 6 மணி நேரத்துக்குக் குறைவானாலும் அதில் 30 விழுக்காடு உண்டு, 12 மணி நேரம் வரை 70, அதற்கு மேல் முழுதும். நடந்து போனால்கூடக் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் வைத்தார்கள். அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்டால் இந்த வரம்புகள் 25 விழுக்காடு தானாக உயரும் என்றும் எழுதியிருக்கிறார்கள். 2024 ஜனவரியில் அது தொட்டது. அகவிலைப்படியில் டெல்லியின் அடியொற்றிப் போகும் நாம் இதிலும் போனால் என்ன?

நம் மாநிலத்து ஊதியத் திருத்த ஆணைகள் வந்த 2017 அக்டோபரில் பெட்ரோல் லிட்டர் 70 ரூபாய் சுமாருக்கு விற்றது. பிறகு 100-ஐத் தாண்டியது. பெட்ரோல் ஊதியக் குழுவுக்காகக் காத்திருப்பதில்லை. அமெரிக்காவில் சொந்தக் காருக்கான மைல் கட்டணத்தை வருஷா வருஷம் திருத்துகிறார்கள். 2022-ல் எண்ணெய் விலை எகிறியபோது வருஷக் கடைசி வரைகூடப் பொறுக்காமல், ஜூலையிலேயே மைலுக்கு 58.5 சென்ட் என்பதை 62.5 ஆக்கினார்கள். பணக்கார நாடு என்பீர்கள். பணம் உள்ளவன் கணக்கில் சுத்தமாக இருக்கிறான், அதையும் பாருங்கள்.

8 கிலோமீட்டரை ஆரமாக அளக்காமல் சாலை வழியாக அளக்கச் சொல்லுங்கள், வேதாரண்யம் மாதிரி ஒரு பக்கம் கடல் உள்ள வட்டங்களுக்காவது. நில அளவை, பயிர்க் கணக்கு, தடுப்பூசி போன்ற வேலைகளுக்கு அந்த 8 கிலோமீட்டருக்குள்ளும் ஒரு படி வையுங்கள். பட்டியல் போட ஊழியருக்கு 60 நாள் கெடு என்று 2018-ல் ஒன்றிய அரசு வைத்தது, அது நியாயம்தான். பணம் கொடுக்கிற அலுவலருக்கும் அதே மாதிரி ஒரு கெடு வையுங்கள். மனுதாரரின் வண்டியில் ஏறக் கூடாது என்ற தடையையும் கூடவே போடுங்கள். ஆனால் படி கைக்கு வந்த பிறகு போடுங்கள், முன்னால் போட்டால் எங்கள் பட்டா அப்படியே கிடக்கும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். வாய்மேடு, தகட்டூர், ஆயக்காரன்புலம் பக்கத்தில் சம்பா மூழ்கினால் முழங்கால் தண்ணீரில் கணக்கெடுக்க ஆட்கள் வருவார்கள். அவர்களுக்குப் பயண முன்பணத்தைச் செப்டம்பர் முடிவதற்குள் அந்தந்த அலுவலகத்தில் இருக்கும்படி செய்துவிட்டு, மற்ற திருத்தங்களை நிதானமாகப் பாருங்கள்.

இப்படிக்கு,
வேதாரண்யம் வட்டத்துத் தென்னை விவசாயி ஒருவன்